அதிபருக்கும் தாழாத கொடி

வாஷிங்டனில் பொட்டோமாக் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் ஆர்லிங்டன். அங்கே புல்வெளிக்கு நடுவே இவோ ஜிமா நினைவுச் சின்னம் ஓங்கி நிற்கிறது. 1945 பிப்ரவரி 23 அன்று ஜப்பானின் இவோ ஜிமா தீவிலுள்ள சுரிபாச்சி மலை உச்சியில் அமெரிக்கக் கொடி நட்ட ஆறு மரைன் வீரர்களை 32 அடி உயர வெண்கலச் சிலைகளாக வடித்திருக்கிறார்கள். அவர்கள் பிடித்திருக்கும் கம்பத்தில் பறப்பதோ நிஜமான துணிக்கொடி. 1961-இல் அதிபர் கென்னடி வெளியிட்ட பிரகடனப்படி இரவிலும் அதை இறக்குவதில்லை.

கோடைக்காலச் செவ்வாய்க்கிழமைகளில் அந்தி சாயும் நேரத்தில் இந்தச் சிலையின் முன்னால் மரைன் படையின் அணிவகுப்பு நடக்கும். நாங்களும் புல்தரையில் இடம் பிடித்தோம். முரசு முழங்க, கொடிக்காவலர் நால்வர் வந்தார்கள். நடுவிலிருந்த இருவரில் வலப்பக்கத்தவரிடம் தேசியக் கொடி, மற்றவரிடம் மரைன் படைக்கொடி, இரு ஓரங்களிலும் துப்பாக்கி வீரர்கள். கொடி ஏந்துபவர் தோளில் மாட்டிய தோல்பட்டையின் குழியில் கம்பத்தின் அடிப்பகுதி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. வலது ஓரத்து வீரர் வலத் தோளிலும் இடது ஓரத்து வீரர் இடத் தோளிலும் துப்பாக்கி சாத்தியிருந்தார்கள். கொடிப் பக்கம் ஆயுதம் வருவதில்லை.

இரு கொடிகளில் வலப்பக்கம் மரியாதைக்குரிய இடம். தேசியக் கொடி அதை விட்டு நகராது. நால்வரும் நின்ற இடத்திலேயே பின்பக்கம் திரும்பினால் அது இடப்பக்கம் போய்விடும். அதனால் தெருமுனையில் தேர் திரும்புவதுபோல் வளைந்தே திரும்புகிறார்கள். உள்பக்கத்தவர் நின்ற இடத்தில் காலெடுத்து வைக்க, வெளிப்பக்கத்தவர் எட்டி நடைபோட, வரிசை இம்மியும் குலையவில்லை. அரங்குகளில் கொடியை நிறுத்தும்போதும் இதே முறைதான்: தேசியக் கொடி பேச்சாளருக்கு வலப்பக்கம், அதாவது அவையோருக்கு இடப்பக்கம்.

தேசிய கீதம் தொடங்கியது. செந்நிறத் துணியும், கண்ட போர்களைச் சொல்லும் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடாக்களுமாக இருந்த மரைன் படைக்கொடி மெல்ல முன்னால் சாய்ந்தது. பக்கத்திலிருந்த தேசியக் கொடி நிமிர்ந்தே நின்றது. எந்த மனிதருக்கும் எந்தப் பொருளுக்கும் அதைத் தாழ்த்தலாகாது என்பது 1942-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமாக்கிய விதி. அதிபர் எதிரில் நின்றாலும் படைக்கொடிதான் தாழும். எனக்கு மெய் சிலிர்த்தது. பதவியில் இருப்பவர் எவரானாலும் மக்களின் பொதுச்சொத்துக்குக் கீழேதான் என்பதை ஒரு சொல்லும் பேசாமல் நால்வர் நடந்து காட்டிவிட்டார்கள்.

கோடையில் வாஷிங்டன் போகிறவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை மாலையை இதற்கென ஒதுக்குங்கள். கட்டணம் கிடையாது. கொடி கடந்து செல்லும்போது எழுந்து நில்லுங்கள். பிற நாட்டுக் கொடிக்கு எழுந்து நிற்பதால் நம் கொடியின் மதிப்புக் குறைந்துவிடாது.