சைரனுக்கு முன்பே

எங்கள் ஊர் நகராட்சி அலுவலக மாடியில் ஒரு சைரன் இருந்தது. அதை யாரும் சைரன் என்று சொன்னதில்லை. சங்கு என்றுதான் சொல்வோம். காலை, மதியம், இரவு என்று நேரத்துக்கு ஊதும். கடிகாரம் பார்க்கத் தெரியாத என் பாட்டி அதைக் கேட்டுத்தான் உலை வைப்பாள். "பன்னெண்டு சங்கு ஊதியாச்சு, இந்தப் பய இன்னும் வரலையே" என்பது எங்கள் தெருவின் நிரந்தர வசனம். நேரமில்லாத நேரத்தில் அது ஊதினால் மட்டும் எல்லோரும் வாசலுக்கு வருவார்கள். எங்கேயோ தீ என்று அர்த்தம். யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. குடமும் வாளியுமாக ஒரு கூட்டம் கிளம்பிவிடும்.

'சங்கு ஊதியாச்சு' என்றால் நம் பேச்சில் கதை முடிந்தது என்று இன்னொரு பொருளும் உண்டு. எச்சரிக்கை ஒலியை இப்போது நாம் கிட்டத்தட்ட அந்தப் பொருளில்தான் கேட்கிறோம் என்று தோன்றுகிறது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது, பாவம். அதோடு சரி. அந்த ஒலி நம்மிடம் எதையோ கேட்கிறது என்பது நினைவுக்கு வருவதில்லை.

மூன்று வருடம் முன்பு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. காலை ஒன்பது மணி, ஜி.எஸ்.டி. சாலை. பின்னால் அம்மாவோடு அக்கா. முன்னால் பைலட்டுக்குப் பக்கத்தில் நான். 108இல் ஓட்டுநரை பைலட் என்றுதான் சொல்கிறார்கள். ஆம்புலன்ஸின் முன் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்ப்பது வேறு அனுபவம். அதுவரை சைரன் ஒலித்தால் சாலை பிளந்து வழிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கார் வலப்பக்கம் மீடியனை ஒட்டி ஒதுங்கியது. அதன் பின்னாலிருந்த பேருந்து இடப்பக்கம் ஒதுங்கியது. நடுவில் விழுந்த இடைவெளியில் ஒரு ஷேர் ஆட்டோ நுழைந்தது. அதைப் பார்த்து ஒரு டெம்போ மறுபடி வலப்பக்கம் வந்தது. பக்கக் கண்ணாடியில் பார்த்தால், எங்கள் வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பைக்குகள். அவர்களுக்கு அன்றைக்கு நல்ல நேரம்.

"ஏண்ணே ஒதுங்கவே மாட்டேங்கறாங்க?" என்று கேட்டேன். குரல் உடைந்திருக்க வேண்டும்.

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "ஒதுங்குறாங்க தம்பி. ஆளுக்கொரு பக்கம் ஒதுங்குறாங்க. அதான் பிரச்சன."

பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று பின்னால் படித்தேன். அம்மா பிழைத்தாள். இன்று வலது கையால் டம்ளரைத் தூக்குகிறாள். கோலப்பொடி மட்டும் விரலிடுக்கில் நிற்பதில்லை. சாலையில் போன நிமிடங்களையும் அந்த விரல்களையும் வைத்து யாராலும் கணக்குப் போட முடியாது. இருந்தாலும் நான் போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

பைலட் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் தேட ஆரம்பித்தேன். அவசர ஊர்திக்கு வழிவிடாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். தண்டனை தெளிவாக இருக்கிறது. ஆனால் 2017 வரை நடப்பில் இருந்த 1989ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளை எடுத்துப் பார்த்தால், ஆம்புலன்ஸோ தீயணைப்பு வண்டியோ வந்தால் சாலையின் ஓரமாக ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று இருந்தது. எந்த ஓரம்? அது இல்லை. நடுவில் மீடியன் போட்ட சாலையில் ஓரம் என்பது இரண்டு. அன்று ஜி.எஸ்.டி. சாலையில் எல்லோரும் அந்தப் பழைய விதிப்படிதான் நடந்துகொண்டார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் ஒரு சொல்லைச் சொன்னான்: ரெட்டுங்ஸ்காஸ்ஸெ. 'காஸ்ஸெ' என்றால் நம்ம ஊர் சந்து. காப்பாற்றும் சந்து. ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் வண்டிகள் நடை வேகத்துக்கு வந்தாலே இடக்கோடி வரிசை இடது பக்கமும் மற்ற எல்லா வரிசைகளும் வலது பக்கமும் ஒதுங்கி நடுவில் ஒரு சந்து விட வேண்டும். தவறினால் குறைந்தது 200 யூரோ அபராதம். இதில் என்னை உலுக்கியது அபராதம் அல்ல. சைரன் கேட்ட பிறகு ஒதுங்கச் சொல்லவில்லை. நெரிசல் தொடங்கும்போதே, முன்னால் விபத்தா வெறும் நெரிசலா என்று தெரியாதபோதே, ஒதுங்கச் சொல்கிறார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பும்போது அதற்கான வழி ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

'அவங்க ஒழுக்கம், நமக்கு வராது' என்று இதைச் சுலபமாக முடித்துவிடலாம். ஆனால் அதே ஜெர்மனி, பனிப்போர் முடிந்ததும் இனி எதற்கு என்று ஆயிரக்கணக்கான ஊர்ச் சைரன்களைக் கழற்றிவிட்டது. 2020 செப்டம்பரில் நாடு முழுக்க ஓர் எச்சரிக்கை ஒத்திகை நடத்தினார்கள். கைபேசிச் செயலிகளுக்குச் செய்தி தாமதமாகத்தான் வந்தது. அடுத்த ஆண்டு ஜூலை வெள்ளத்தில் 180க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. சேர்ந்தவர்களிலும் பலருக்கு அதைக் கேட்டு என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. சாலையில் பழக்கத்தைக் காப்பாற்றிய நாடு, ஊருக்குள் அதை விட்டுவிட்டது. ஒழுக்கம் ரத்தத்தில் ஓடுவதில்லை. பழகினால் இருக்கும், விட்டால் போய்விடும்.

நமக்கும் வரும் என்பதற்கு நல்லவாடு சாட்சி. புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள மீனவ கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையம் அமைத்திருந்தது. அதன் ஒலிபெருக்கியில் அலையின் உயரம், காற்று, மீன் விலை என்று அன்றாடம் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமி செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் செய்தார். மையத்தின் கதவை உடைத்து அதே ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் பிழைத்தார்கள்.

இந்தக் கதையில் எல்லோரும் சிங்கப்பூர் போனைத்தான் பேசுவார்கள். எனக்கு மீன் விலைதான் முக்கியமாகப் படுகிறது. நேற்றுவரை பொய் சொல்லாத ஒலிபெருக்கி ஓடச் சொன்னதால், ஏன் என்று கேட்காமல் ஓடினார்கள். எங்கள் ஊர்ச் சங்கும் அப்படித்தான். தினமும் சோற்று நேரம் சொன்னதால்தான் தீயையும் சொல்ல முடிந்தது.

2023 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்கக் கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறியது உங்களுக்கு நினைவிருக்கலாம். பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனை. எங்கள் அலுவலகத்தில் சிரித்துவிட்டு, சரி என்ற பொத்தானை அழுத்திவிட்டு, மீம் பார்க்கப் போனோம். தொழில்நுட்பம் வேலை செய்தது. நாளைக்கு அது நிஜமாக அலறினால் மாடிக்கு ஓட வேண்டுமா, தெருவுக்கு ஓட வேண்டுமா, கீழ்வீட்டுத் தனிக்கிழவியை யார் தூக்குவது என்பதை எங்களுக்குள் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது நாங்கள் இருக்கும் பகுதியில் ரயில்வே கேட்டை ஒட்டி ஓர் ஆட்டோ ஸ்டாண்ட் இருக்கிறது. குறுகலான சாலை, காலையில் பள்ளி வேன்களால் அடைத்துக்கொள்ளும். அங்கே தூரத்தில் சைரன் கேட்டாலே ஓர் அண்ணன் இறங்கி நடுவில் நின்று இடது கையை மட்டும் நீட்டுவார். வேன்காரர்கள், பால் வண்டிக்காரர், சைக்கிளில் போகும் பையன்கள், எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். பின்னால் பைக் நுழையாதபடி இன்னொருவர் பார்த்துக்கொள்வார்.

எப்படிண்ணே இதைச் செஞ்சீங்க என்று ஒருநாள் கேட்டேன்.

"தெனமும் இதே ஆளுங்கதானே தம்பி வர்றாங்க" என்றார். "ரெண்டு மாசம் லெஃப்டு லெஃப்டுன்னு தொண்ட கிழியக் கத்துனேன். இப்ப கைய நீட்டுனா போதும். நான் லீவு போட்டாலும் அவங்களே ஒதுங்கிக்கிறாங்களாம்."