சென்னிமலைக்குக் கொண்டு சென்ற பத்திரம்

ஈரோட்டிலிருந்து புறப்பட்ட பேருந்து வெள்ளோட்டைக் கடந்து செல்கையில், சமவெளியில் தனித்து நிற்கும் அந்த மலை கண்ணில் படுகிறது. 1,320 படிகள் கொண்ட முருகன் கோயிலால் பெயர் பெற்ற ஊர் சென்னிமலை. கொடி காத்த குமரன் 1904இல் பிறந்ததும் இங்கேதான். எனக்கோ அது என் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர். போர்வையும் படுக்கை விரிப்பும் நெய்யும் கைத்தறிகளின் ஓசை தெருமுனையிலேயே வரவேற்கும். இம்முறை அது செவியில் ஏறவில்லை. என் பையில் விடுதலைப் பத்திரம் ஒன்று இருந்தது.

அத்தா மவ்த்தாகி ஓராண்டாகிறது. விட்டுச் சென்றது ஒரு வீடும் சிறிது தோட்டமும். "அக்காவுக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்றே, இனியென்ன பங்கு?" என்றான் தம்பி. மதரஸாவில் வாரிசுரிமைப் பாடம் நடத்தும் நான் வாய் திறக்கவில்லை.

கடன் போக எஞ்சியதை 40 பங்காக்கினால் அம்மாவுக்கு எட்டிலொன்றாக 5, எங்கள் இருவருக்கும் 14 வீதம் 28, அக்காவுக்கு 7. கரும்பலகையில் எத்தனை முறை எழுதிய கணக்கு! மணத்தின்போது அளித்த நகை அன்பளிப்பு; அதைப் பங்கில் கழிக்க மார்க்கத்தில் இடமில்லை. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது உண்மை. ஆனால் சென்னை மாகாணம் 1949இலேயே திருத்தம் கொண்டுவந்து அவ்விலக்கை நீக்கிவிட்டது. தோட்டத்திலும் அக்காவுக்கு 7 உண்டு.

அக்கா தேநீர் தயாரிக்கையில் அண்டை வீட்டு அம்மையார் வந்தமர்ந்தார். பூர்வீகச் சொத்தில் பங்கு கேட்டு உடன்பிறந்தாரோடு வழக்காடிக்கொண்டிருப்பவர். தமிழகத்தின் 1989ஆம் ஆண்டுத் திருத்தம் அன்று மணமாகாதிருந்த மகளிரோடு நின்றுவிட்டது. இவரைப் போல் முன்பே மணமானோருக்கு 2005இல்தான் வழி பிறந்தது. "உங்க மார்க்கத்துல பொண்ணுக்குப் பங்கு ஆதியிலிருந்தே உண்டுங்களாமே?" என்றார் என்னிடம். மீலாது மேடைகளில் நான் முழங்குவதும் அதைத்தானே! தலையசைத்தேன்.

அவர் சென்றதும், "கையெழுத்து வேண்டுமென்று சின்னவன் சொன்னான். எங்கே போட வேண்டும் தம்பி?" என்றார் அக்கா. "எனக்குப் பங்கு வேண்டாம். பெருநாளுக்கு வந்து இறங்க அத்தா வீடு இருந்தால் போதும்."

கையொப்பமிட மறுக்கும் சகோதரிக்குப் பிறந்தகத்தின் வாயில் அடைபடும் என்ற அச்சமே இப்பத்திரங்களில் பாதியை எழுதுகிறது என்பேன்.

பையைத் திறக்காமலே கணக்கைச் சொன்னேன்.

"நாற்பதில் ஏழா?" என்றார் அக்கா. இதுவரை எவரும் அவரிடம் அந்த எண்ணைச் சொன்னதில்லை.

மாலைப் பேருந்தில் திரும்பினேன். ஈரோட்டு நிலையத்தில் தம்பி காத்திருந்தான்.