மரத்தின் கழுத்து

மரத்துக்கு வேர் உண்டு, தண்டு உண்டு, கிளை உண்டு. கழுத்து உண்டா என்று கேட்டால் பலரும் சிரிப்பார்கள். ஆனால் உண்டு. வேர் முடிந்து தண்டு தொடங்குகிற இடம்தான் அது. புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு அதன் பெயர் 'கொலே'. சட்டைக் காலரை 'கொல்' என்பார்கள். அதிலிருந்து பிறந்த சொல். ஈரப் பஞ்சில் முளைத்த அவரை விதையை முசே எங்களை வரையச் சொல்வார். கீழே 'ரசீன்', மேலே 'தீழ்', இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறு கோடு போட்டு 'கொலே' என்று எழுத வேண்டும். அந்தக் கோட்டை விட்டவனுக்கு மதிப்பெண் குறையும். நம் ஊர்ப் பேச்சில் இதைத்தான் 'தூர்' என்கிறோம். "தூர்ல தண்ணி ஊத்துடா" என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அந்த ஒரு கோட்டுக்கு முசே ஏன் அவ்வளவு மரியாதை கொடுத்தார் என்பது பிற்பாடு வாசித்தபோதுதான் விளங்கியது. கோட்டுக்கு மேலும் கீழும் நடப்பது இரண்டு வேறு உத்தியோகங்கள்.

முதலில் வேர். வேரின் நுனியில் விரலுக்குத் தையற்காரர் மாட்டும் அங்குஸ்தான் போல ஒரு மூடி இருக்கிறது. மண்ணைத் துளைத்துப் போகையில் தேய்வது அந்த மூடிதான். தேயத் தேயப் புதிது உண்டாகும். வழுக்கிக்கொண்டு போவதற்குக் கொழகொழப்பான ஒரு பசையும் அதிலிருந்து சுரக்கும். நுனிக்குச் சற்றுப் பின்னால் மெல்லிய வேர்த்தூவிகள். தண்ணீரையும் உப்புச் சத்தையும் பெரும்பாலும் உறிஞ்சுவது இவைதாம். தடித்த வேர்கள் பிடித்துக்கொள்ளவும் கடத்தவும்தான். 1937இல் டிட்மர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், நான்கு மாத வயதுள்ள ஒரே ஒரு ரை தானியச் செடியின் வேர்களைக் கழுவி எடுத்துக் கணக்கிட்டார். வேர்த்தூவிகளைச் சேர்க்காமலே மொத்த நீளம் சுமார் 620 கிலோமீட்டர். புதுவையிலிருந்து சென்னைக்கு இரண்டு முறை போய்த் திரும்பும் தூரம். புல் வகைச் செடிக்கே இந்தக் கணக்கு!

இந்த வேர்களுக்கெல்லாம் மூச்சு வேண்டும். அதனால்தான் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி, காற்றுப் புகும் மேல்மண்ணிலேயே பரவிக் கிடக்கிறது. மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழம் வேர் போகும் என்று நாம் நினைத்துக்கொள்வது பெரும்பாலும் சரியல்ல. ஆழத்தைவிட அகலத்தில்தான் அது அதிகம் ஓடுகிறது.

இனி தண்டு. தண்டு உயர்வது நுனியில் மட்டும். ஐந்தடி உயரத்தில் ஓர் ஆணி அடித்தால், ஐம்பது வருடம் கழித்தும் ஆணி ஐந்தடியிலேயேதான் இருக்கும். பருமன் மட்டும் கூடி ஆணியை விழுங்கும். பருமனைக் கூட்டுவது பட்டைக்கு உட்புறம் இருக்கும் மிக மெல்லிய வளர்படலம் ஒன்று. அது உள்பக்கம் மரக்கட்டையைச் சேர்க்கும். அதன் வழியே தண்ணீர் மேலே ஏறும். வெளிப்பக்கம் உள்பட்டையைச் சேர்க்கும். அதன் வழியே இலை சமைத்த உணவு வேருக்கு இறங்கும். மரத்தைச் சுற்றிலும் பட்டையை வளையமாக உரித்தால் மேலே இலை பச்சையாகவே இருக்கும்; கீழே வேர் பட்டினி கிடக்கும். வேர் செத்த பிறகு மரம் சாகும்.

இன்னொரு விசேஷம். இளம் வேரில் குழாய்க் கற்றைகள் நடுவில் கயிறு போலத் திரண்டிருக்கும். வேர் இழுவையைத் தாங்க வேண்டியது அல்லவா? இளந்தண்டில் அவையே வளையமாக விரிந்திருக்கும்; காற்றில் வளைந்து நிமிர அதுதான் வசதி. கயிறு வளையமாக மாறுகிற இடம்தான் கழுத்தும் அதையடுத்த பகுதியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேரின் பட்டை ஈரத்தில் வாழப் பழகியது. தண்டின் பட்டைக்குக் காற்றும் உலர்ச்சியும் வேண்டும். கழுத்துக்கு மேல் மண்ணோ ஜல்லியோ ஏறினால் தண்டுப் பட்டை எந்நேரமும் நசநசவென்று ஈரமாக இருக்கும். பூஞ்சை பிடிக்கும், உள்பட்டை அழுகும், வேருக்குச் சாப்பாடு நிற்கும். சிமெண்டே பூசிவிட்டால் பருப்பதற்கும் இடமில்லை, மண்ணுக்குள் காற்றும் மழையும் இறங்க வழியுமில்லை.

நம் தெருக்களில் நடப்பது இதுதான். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் எங்கள் வீட்டு வாசலில் மூன்று படிகள். பழைய ரோட்டின் மேலேயே புதிய ரோடு போட்டுப் போட்டு இன்று மிஞ்சியது ஒரு படி. வீட்டுப் படி முங்கினால் நமக்குத் தெரிகிறது. அதே அளவுக்கு வாசல் வேம்பின் கழுத்தும் முங்கியிருக்கும், அதை யார் பார்த்தார்கள்? மரம் உடனே சாவதில்லை. உச்சிக்கிளை காய ஆரம்பிக்கவே சில வருடம் ஆகும். அதற்குள் ரோடு போட்டவர்களும் மாறியிருப்பார்கள், பில் பாஸ் செய்தவர்களும் ஓய்வு பெற்றிருப்பார்கள். நாற்பது வருடம் கோப்புகளோடு குடித்தனம் செய்தவன் சொல்கிறேன்: காரணம் ஒரு கோப்பிலும் விளைவு வேறொரு கோப்பிலும் இருந்தால் அந்த விவகாரம் தீரவே தீராது.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் நம் ஊரைப் புரட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். மறுநாள் விழுந்து கிடந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நல்ல மரங்களும் விழுந்திருந்தன. அந்தக் காற்றுக்கு எதுதான் நிற்கும்? ஆனால் எங்கள் பகுதியில் பல மரங்களின் அடியில், வாய்க்கால் பக்கம் வேர் ஒரே நேர்கோட்டில் வெட்டுப்பட்டிருந்தது. நாலு கயிறு கட்டிய பந்தலில் இரண்டை அறுத்துவிட்டுக் காற்றைக் குறை சொல்ல முடியுமா?

சென்ற மாதம் எங்கள் தெருவில் கல் பதிக்க ஆட்கள் வந்தார்கள். "பெரியவரே, மரத்தை ஒட்டிப் பதிச்சாத்தான் லட்சணமா இருக்கும்" என்றார் மேஸ்திரி. எதிர்வீட்டு அம்மாள், "இலை பெருக்கி மாளல சார், மண்ணு இருந்தா நாய் வேற நோண்டுது" என்றார். அவர் சிரமம் நிஜம். ஆனால் மதியம் இரண்டு மணிக்கு அவர் வீட்டுத் திண்ணைக்கும் நிழல் அந்த வேம்புதானே? பேசிப் பேசி இரண்டு பக்கம் மூன்றடி மண் விட்டார்கள். மற்ற இரண்டு பக்கம் கல் பட்டையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மனு எழுதியிருக்கிறேன், அலைவதற்கு எனக்கு நேரம் இருக்கிறது.

உங்கள் வாசல் மரத்தின் அடியைப் பாருங்கள். யானைக்கால் போல அகன்று மண்ணுக்குள் இறங்கினால் கழுத்து வெளியே இருக்கிறது, கவலை இல்லை. கம்பம் நட்டதுபோல நேராக இறங்கினால் புதைந்திருக்கலாம். கடப்பாரை வேண்டாம், பட்டை காயப்படும். கையாலோ சிறு கரண்டியாலோ மெல்ல மண்ணை விலக்குங்கள். வேர் பிரிகிற இடம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். கன்று நடுகிறவர்களும், பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். குனிய முடியாதவர்கள் பேரனைக் கூப்பிடுங்கள்; கழுத்து எங்கே என்று அவனே கண்டுபிடிக்கட்டும்.