கல்லறையிலும் பெயர் இல்லை!

பிரான்ஸ் நாட்டின் கிரெனோபிள் நகரிலிருந்து வடக்கே ஏறினால் ஷார்ட்ரூஸ் மலைத்தொடர். காடும் சுண்ணாம்புப் பாறையும் சூழ்ந்த அந்த மலைகளுக்கு நடுவே ஒரு பெரிய மடம். கர்த்தூசியன் துறவிகளின் தலைமை இல்லமான கிராண்ட் ஷார்ட்ரூஸ் இதுதான். சுற்றுலாப் பயணிகளுக்கு உள்ளே அனுமதி கிடையாது.

இங்கே இறக்கும் துறவியைப் பெட்டிகூட இல்லாமல், அணிந்திருந்த அங்கியோடு அடக்கம் செய்கிறார்கள். மேலே ஒரு மரச்சிலுவை. அதில் பெயர் எழுதுவதில்லை.

1084-ல் ஆறு தோழர்களோடு இங்கே வந்து சபையைத் தொடங்கியவர் புனித புரூனோ. ரெய்ம்ஸ் நகரில் புகழ்பெற்ற ஆசிரியராக இருந்தவர். அவருடைய மாணவர் ஒருவர்தான் பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் உர்பான் ஆனார். 1090-ல் குருவை ரோமுக்கு அழைத்தார் மாணவர். பேராயர் பதவியும் தேடி வந்தது. புரூனோ அதை ஏற்கவில்லை; இத்தாலியின் கலாப்ரியா காட்டில் இன்னொரு மடம் அமைத்து, 1101-ல் அங்கேயே கண்மூடினார்.

அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. இந்தத் துறவிகள் புத்தகம் எழுதினால், ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒரு கர்த்தூசியன்’ என்று மட்டுமே இருக்கும்.

பெயரை மறைப்பதே ஒரு பெருமையாகிவிடாதா? ஆகலாம். புகழாசை தாழ்ச்சியின் அங்கியைப் போட்டுக்கொண்டும் வரும். ஆனால், பார்க்க ஆளே இல்லாத இடத்தில் அது எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? தனி அறை, சிறு தோட்டம், விறகு பிளக்க ஒரு மூலை, சுவரிலுள்ள சிறு திறப்பு வழியே வரும் உணவு, நள்ளிரவில் எழுந்து ஜெபம். பாராட்டவும் யாருமில்லை, குறை சொல்லவும் யாருமில்லை.

வேடிக்கை என்னவென்றால், மலையின் பெயர் உலகமெங்கும் தெரிந்ததற்கு ஒரு மதுவும் காரணம். 130 மூலிகைகள் சேரும் ஷார்ட்ரூஸ் மது இவர்களுடையதுதான். சில ஆண்டுகளுக்கு முன் அதற்குக் கிராக்கி ஏறியபோது, ஜெப வாழ்க்கை கெடும் என்று உற்பத்தியை அதிகரிக்க மறுத்துவிட்டார்கள்.

ஜெர்மன் இயக்குநர் பிலிப் குரோனிங் 1984-ல் இங்கே படமெடுக்க அனுமதி கேட்டார். பதில் வந்தது 16 ஆண்டுகள் கழித்து. தனியாக வர வேண்டும், செயற்கை விளக்கு கூடாது என்பவை நிபந்தனைகள். 2005-ல் வெளிவந்த அந்தப் படத்தில் வர்ணனைக் குரலே இல்லை.

பயணிகளுக்காக, மடத்துக்குக் கீழே லா கொரெரி என்ற பழைய கட்டடத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. துறவியின் அறை எப்படியிருக்கும் என்பதை அங்கே பார்க்கலாம். அதற்கு மேலுள்ள பாதை ‘அமைதி மண்டலம்’. அங்கே வருபவர்களும் குரலைத் தாழ்த்தித்தான் நடக்க வேண்டும்.