சொட்டும் இடமும் ஒழுகும் இடமும்

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் படம் போட்டு பாகம் குறித்துக் காட்டுவேன். ஆனால் 2024 டிசம்பர் வரைக்கும் ஒரு வண்டியின் ஒரே ஒரு நட்டைக்கூட என் கையால் கழற்றியது கிடையாது. வகுப்பில் பாதிப் பேர் கதை இதுதான் என்பது எனக்குத் தெரியும். முறைக்காதீர்கள் :-)

செமஸ்டர் லீவுக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். வத்தலக்குண்டிலிருந்து மலையேறினால் தாண்டிக்குடி. அதற்குக் கொஞ்சம் கீழே மாமாவுக்கு மூன்று ஏக்கரில் காப்பித் தோட்டம், நிழல் மரங்களில் மிளகுக் கொடி. டிசம்பர் என்றால் காப்பிப் பழம் பறிக்கிற நேரம். தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. ஜீப் பாதி தூரம்தான் வரும். மீதிக்கு மாமாவின் வண்டி.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2011-ல் ஹீரோ இம்பல்ஸ், 2019-ல் எக்ஸ்பல்ஸ் 200 என்று நம் ஊரில் காட்டுக்கென்றே வண்டிகள் வந்தன. இது அந்த ஜாதி இல்லை. ஆபீஸ் போகிறவர்களுக்காகச் செய்யப்பட்ட 2003 மாடல் சாதாரண வண்டி. மாமா செகண்ட் ஹேண்டில் வாங்கி, முன் மட்கார்டை உயர்த்தி, அகலமான ஹேண்டில்பார் போட்டு, கட்டை கட்டையாகப் பிடிப்பு உள்ள டயர் மாட்டி, சேறு அடைக்கிறது என்று செயின் கவரையும் கழற்றி எறிந்து அதை டர்ட் பைக் ஆக்கியிருந்தார். கழற்றி எறிந்த அந்த செயின் கவர் பின்னால் கதையில் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2024 ஏப்ரலில் மாமாவுக்கு வலது முட்டியில் ஆபரேஷன். அதிலிருந்து எட்டு மாதம் வண்டி தாழ்வாரத்தில் சும்மா நின்றது. "மாப்ளே, லீவு முடியிற வரைக்கும் நீதான் டிரைவர், நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எடுத்த எடுப்பில் முதல் தப்பு. ஆயில் பார்ப்போம் என்று டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். நுனியில் லேசாகத்தான் ஒட்டியிருந்தது. அரை லிட்டர் ஊற்றினேன். அப்புறம்தான் அளவு கோட்டைத் தொட்டது. வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது என்பதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. இடது பக்கம் சாய்ந்து நிற்கிற வண்டியில் ஆயிலும் இடது பக்கம் போய்விடும். டிப்ஸ்டிக் இருப்பதோ வலது பக்கம். அதனால் நிறைய இருந்தாலும் குறைவாகத்தான் காட்டும். நேராக நிறுத்திப் பார்த்திருந்தால் ஊற்றவே தேவையில்லாமல் இருந்திருக்கும்.

இரண்டாம் நாள் காலையில் வண்டிக்கடியில் ஆயில் சொட்டியிருந்தது. மாமா ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து அடியில் விரித்துப் போட்டார். "ராத்திரி கிடக்கட்டும். காலையில எங்கெங்க சொட்டியிருக்குன்னு பாரு, அப்புறம் கை வைக்கலாம்" என்றார். மறுநாள் அட்டையில் டிரெய்ன் போல்ட்டுக்கு நேர்கீழே பெரிய வட்டம். அதற்கு இடது பக்கம் தள்ளி நாலைந்து சின்னப் பொட்டுகள். நான் பெரிய வட்டத்தை மட்டும்தான் பார்த்தேன். டிரெய்ன் போல்ட் லூஸ், இறுக்கினால் நின்றுவிடும், கேஸ் முடிந்தது.

மாமா தோட்டத்துக்கு இறங்கியதும் ரிங் ஸ்பேனரை மாட்டி இறுக்கினேன். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. அப்படியும் விடவில்லை. கிடந்த ஒரு இரும்புக் குழாயை ஸ்பேனர் பிடியில் சொருகி, நீளம் கிடைத்ததும் காலை ஊன்றி ஒரு இழு இழுத்தேன். முதலில் கெட்டியாக வந்தது. அப்புறம் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி பொசுக்கென்று சுற்றியது. மரை போய்விட்டது!

போல்ட் இரும்பு, எஞ்சின் கேஸ் அலுமினியம். இரண்டும் மல்லுக்கட்டினால் தோற்பது அலுமினியம்தான். நீளமான பிடியில் விசை பல மடங்காகும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே படித்திருக்கிறேன். அந்த வினாடியில் வயிற்றைப் பிசைந்ததே, அது மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அப்போதே மாமாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மெக்கானிக்கல் படிக்கிற பையன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். குழாய் வேலைக்கு வைத்திருந்த டெஃப்லான் டேப்பை எடுத்து, போல்ட்டில் ஏழெட்டுச் சுற்று சுற்றித் திணித்து மூடினேன். அதற்கு மேல் ஒட்டுகிற பசையையும் அப்பினேன். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற இடத்தில் எந்தப் பசையும் பிடிக்காது என்பது அன்றைய இன்னொரு பாடம். கையைக் கழுவிவிட்டு "சரி பண்ணிட்டேன் மாமா" என்றேன். "அட, பரவாயில்லையே!" என்றார். அந்தச் சொல் ராத்திரி முழுக்க உறுத்தியது.

மறுநாள் காலை பனி இறங்கியிருந்தது. கூலி கொடுக்க மாமாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மண்பாதையில் இறங்கினேன். கல் பாவிய வளைவு ஒன்று வரும். பின் பிரேக்கை மிதித்தேன். பின் சக்கரம் என் பேச்சைக் கேட்காமல் அது பாட்டுக்கு விலகிப் போனது. வேகம் பத்துகூட இருக்காது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் மாமா விழாமல் இருக்க வலது காலை ஊன்றியிருந்தார். ஆபரேஷன் செய்த கால்.

பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் எதுவும் பேசவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. வண்டியை நிமிர்த்தும்போது கவனித்தேன். பின் டயரின் ஓரம், ரிம், ஸ்விங் ஆர்ம் எல்லாம் ஆயில் தெளித்துப் பளபளவென்று இருந்தது. டிரெய்ன் போல்ட்டில் ஒழுகுகிற ஆயில் பின் டயருக்கு எப்படிப் போகும்? அப்போதுதான் உறைத்தது, நான் வேறு எதையோ இறுக்கியிருக்கிறேன் என்று.

அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், மரை, டேப், பசை, பொய் எல்லாம். மாமா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அட்டையைப் பாக்கச் சொன்னேனே மாப்ளே" என்றார். அவ்வளவுதான். அதற்குத் திட்டே தேவலாம்.

மாமாவை ஜீப்பில் அனுப்பி வைத்துவிட்டு வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை முதலில் கை வைத்தது ஸ்பேனரில் இல்லை. டீசலில் பழைய பிரஷ்ஷை முக்கி எஞ்சின் முழுவதையும் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து உலர விட்டேன். அத்தையின் முகப்பவுடர் டப்பாவைக் கேட்டு வாங்கி எஞ்சின் மேல் தூவினேன். "எஞ்சினுக்குக் கல்யாணமாடா?" என்றார் அத்தை. காயத்துக்கு நடுவிலும் சிரிப்பு வந்தது. டேப் சுற்றிய போல்ட் இன்னும் ஆயிலைப் பிடித்து வைத்திருந்ததால், அளவைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் மட்டும் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். (செய்து பார்ப்பவர்கள் சைலன்சர் பக்கம் கையைக் கொண்டு போகாதீர்கள்.)

வெள்ளைப் பவுடரில் ஒரே ஒரு ஈரக் கோடு. இடது பக்கம், செயின் மாட்டியிருக்கிற முன் பல்சக்கரத்தின் மூடிக்குப் பின்னாலிருந்து புறப்பட்டு, கேஸின் விளிம்போடு வழிந்து, அடியில் போய் டிரெய்ன் போல்ட்டின் தலையில் சொட்டாகத் தொங்கியது. எஞ்சினிலேயே தாழ்வான இடம் அதுதான். எங்கே ஒழுகினாலும் கடைசியில் அங்கேதான் வந்து சொட்டும். அட்டையில் இடது பக்கம் தள்ளியிருந்த நாலைந்து பொட்டுகள்தான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன.

மூடியைக் கழற்றினேன். உள்ளே சேறும் ஆயிலும் கலந்து கறுப்பு அல்வா மாதிரி அப்பியிருந்தது. சுரண்டி எடுத்தால், பல்சக்கரத்தின் தண்டு வெளியே வருகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம். ஆயில் சீல். சுற்றுகிற தண்டை அணைத்துக்கொண்டு ஆயில் வெளியே வராமல் தடுப்பதுதான் அதன் வேலை. அதன் உதடு தேய்ந்திருந்தது. அங்கிருந்து கசிகிற ஆயில் செயினில் விழ, செயின் அதைச் சுழற்றிப் பின் சக்கரத்தில் தெளித்திருக்கிறது. செயின் கவர் இருந்திருந்தால் பாதியாவது அதில் தங்கியிருக்கும்.

மறுநாள் ஆயிலை ஒரு கேனில் வடித்துவிட்டு வண்டியை ஜீப்பில் ஏற்றி வத்தலக்குண்டு கொண்டு போனேன். மெக்கானிக் அண்ணன் சீலைப் பார்த்தார். "மாத்திரலாம் தம்பி, அம்பது அறுபது ரூவாதான். ஆனா இது ஏன் போச்சுன்னு பாக்காம போனீன்னா பத்து நாள்ல திரும்ப வருவே" என்றவர், எஞ்சினிலிருந்து கீழே தொங்கிய ஒரு சின்ன ரப்பர் குழாயைப் பிடித்து வாயில் வைத்து ஊதினார். காற்று போகவில்லை. கம்பியை விட்டுக் குடைந்தார். உள்ளேயிருந்து உதிர்ந்தது காய்ந்த களிமண். குளவிக் கூடு!

எட்டு மாதம் தாழ்வாரத்தில் நின்ற வண்டியின் மூச்சுக்குழாயில் ஒரு குளவி வீடு கட்டிக் குடியிருந்திருக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் அதற்கு அடியிலிருக்கிற காற்று அழுத்தப்படும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசிகிற எரிந்த வாயுவும் அங்கேதான் வந்து சேரும். இவை வெளியே போவதற்குத்தான் பிரீதர் குழாய். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். போதாக்குறைக்கு நான் அரை லிட்டர் ஆயிலை அதிகமாக ஊற்றி இருந்த காற்றிடத்தையும் குறைத்திருக்கிறேன். கிராங்க்கேஸ் வென்டிலேஷன் என்று இதற்குப் பெயர். அதே மாதம் பரீட்சையில் எட்டு மார்க் கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன்.

புது சீலை அண்ணன் என்னையே போடச் சொன்னார். பழையதை தண்டில் கீறல் விழாமல் நெம்பி எடுத்து, இடத்தைத் துடைத்து, புதுசின் உதட்டில் ஆயில் தடவி, ஸ்பிரிங் இருக்கிற பக்கம் உள்ளே பார்க்க வைத்து, அதே அகலமுள்ள சாக்கெட்டை மேலே வைத்துக் கோணாமல் மெல்லத் தட்டி இறக்க வேண்டும். மரை போன ஓட்டையை லேத் பட்டறையில் பெரிதாக்கி, ஒரு சைஸ் பெரிய போல்ட்டுக்கு மரை போட்டார்கள். புது வாஷர். போல்ட்டைக் கையால் முறுக்கி அது உட்கார்ந்த பிறகு ஸ்பேனரில் கால் சுற்று மட்டும். "போதுமாண்ணே?" என்று இரண்டு தடவை கேட்டேன். வாஷர் மெத்தென்ற உலோகம், அது நசுங்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும், நம் பலத்துக்கு அங்கே வேலையில்லை என்றார். ஊருக்குத் திரும்பியதும் பிரீதர் குழாயைக் காப்பிக் கொட்டை வலைத்துணியால் தளர்வாக மூடிக் கட்டினேன். டயரை சோப்புத் தண்ணீரில் மூன்று முறை தேய்த்தேன். வடித்த ஆயில் பட்டறையின் கழிவு டிரம்மிலேயே போய்விட்டது. அதைத் தோட்டத்தில் கொட்டினால் கீழே ஓடை வரைக்கும் போகும்.

கணக்கு: ஆயில் சீல் 60 ரூபாய். என் பலத்துக்கு லேத்தில் 550 ரூபாய்.

அன்று ராத்திரி வண்டியை நேராக நிறுத்தி, அடியில் புது அட்டை விரித்தேன். காலையில் ஐந்தரைக்கே எழுந்து டார்ச்சோடு போனேன். எனக்கு முன்னால் மாமா கம்பை ஊன்றி அங்கே நின்றுகொண்டிருந்தார். அட்டையில் ஒரு பொட்டுகூட இல்லை. "ம்" என்றார். பிறகு கம்பு மேல் பாரத்தைப் போட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறி உள்ளே போனார். வீக்கம் வடிய இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் தோட்டத்துக்குச் சாப்பாடும் கூலியும் நான் நடந்தே கொண்டு போனேன். வண்டி நன்றாகத்தான் இருந்தது. எடுக்க மனசு வரவில்லை.

பி.கு: அந்த எட்டு மார்க் கேள்விக்கு எனக்கு ஏழு போட்டிருந்தார்கள். நியாயமாகப் பார்த்தால் பூஜ்யம்.