புதுச்சேரி மதில்களில் முள்ளோடு சிரிக்கும் காகிதப்பூ!

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் பின்பக்கத் தெருக்களில் நுழைந்தால் மஞ்சள் மதில்கள் வரவேற்கும். அவற்றின் மேல் வழிவது காகிதப்பூ. ரூ துய்மா, ரூ ரோமன் ரோலன் என எங்கே திரும்பினாலும் ஒரு ரோஸ் கொத்து எட்டிப் பார்க்கிறது. கீழே செல்ஃபி கூட்டம்!

தமிழர் பகுதியின் பழைய வீடுகள் திண்ணையோடு தெருவைப் பார்த்து இருக்கும். பிரெஞ்சுப் பகுதி வீடுகளோ உயர்ந்த மதிலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். வெளியே தெரிவது பூ மட்டும்தான். அதற்குள் கூரான முள். மதில் ஏறிக் குதிக்க நினைப்பவர் இரண்டு முறை யோசிப்பார். அழகுக்கு அழகு, காவலுக்குக் காவல்.

நாம் பூ என்று ரசிப்பது உண்மையில் நிறம் மாறிய இலை. நடுவில் தீக்குச்சித் தலை போல இருக்கும் சின்ன வெள்ளைதான் பூ.

பூகன்வில்லியா என்ற பெயர், 1766-ல் உலகைச் சுற்றக் கிளம்பிய பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில்லுடையது. அவருடன் சென்ற தாவரவியலாளர் கொமெர்சோன், 1767-ல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இந்தச் செடியைச் சேகரித்தார். அவரின் உதவியாளர் ழான் பாரே ஒரு பெண். கடற்படைக் கப்பலில் பெண்களுக்கு அனுமதி இல்லாததால் ஆண் வேடத்தில் சென்றவர். கொமெர்சோனுக்குக் கால் புண் இருந்ததால், செடியைத் தேடிப் பறித்ததே பாரேதான் என்று சொல்பவர்களும் உண்டு. பெயர் என்னவோ கேப்டனுக்குப் போய்விட்டது! 2012-ல்தான், கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தென் அமெரிக்கச் செடிக்கு பாரேவின் பெயர் வைக்கப்பட்டது.

வீட்டில் வளர்க்க ஆசையா? முழு வெயில் படும் இடம் வேண்டும். மொட்டை மாடித் தொட்டியே போதும். தினமும் தண்ணீர் ஊற்றினால் இலையாகத் தள்ளும், பூக்காது. மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றுங்கள். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் நுனிகளை வெட்டினால், புதுத் துளிரில் மறுபடி பூக்கும். தெருப்பக்கம் நீளும் கிளையை மட்டும் தள்ளிப்போடாமல் வெட்டிவிடுங்கள். சைக்கிளில் போகும் பிள்ளையின் கண் உயரத்தில்தான் அது நீட்டிக்கொண்டிருக்கும். வெட்டியதைக் குப்பைத் தொட்டியில் அப்படியே திணிக்க வேண்டாம். தூய்மைப் பணியாளர் கையில் குத்தும். சாக்கில் கட்டி, முள் என்று சொல்லிக் கொடுங்கள்.

படம் எடுக்கவே புதுச்சேரி போகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்க்கலாம். அப்போது மதில் மேல் பெரும்பாலும் பச்சைதான். மாசி பிறந்த பிறகு போங்கள்.