குசினிக்காரரின் காற்சட்டை

கற்பிட்டியிலுள்ள கோட்டையை ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கினர். அவர்களுக்கு முன்னரே போர்த்துக்கேயர் இக்கரையிற் காலூன்றியிருந்தனர். இரு சாராரும் போய்விட்டனர். அவர்களுடைய சொற்கள் சில எமது நாவில் தங்கிவிட்டன. நாம் நாள்தோறும் வழங்கும் குசினி என்னும் சொல் போர்த்துக்கேயத்திலிருந்து வந்தது. கோக்கி என்பது ஒல்லாந்தர் தந்தது. களிசான், சப்பாத்து, பொத்தான் என்பன மீண்டும் போர்த்துக்கேயம். தமிழ் கற்றோர் இவற்றைத் திசைச்சொற்கள் என வகுத்து அமைதியடைவர். பல்கலைக்கழகத்தில் நாமும் அவ்வாறே அமைதியடைந்தோம். ஆனால் ‘குசினியிலே கோக்கி களிசான் அணிகிறான்’ என்று ஒரு வாக்கியம் அமைத்துப் பாருங்கள். வினைச்சொல் ஒன்றே அதில் தமிழாக நிற்கின்றது. சொற்கள் மூன்றும் முந்நூறு ஆண்டுகளில் எமது மொழிக்குப் பொருந்திவிட்டன. பொருள்களுள் ஒன்று மட்டும் இன்னும் உடலுக்குப் பொருந்தவில்லை. அதுதான் காற்சட்டை.

அற்ப விடயம் என்று வாசகர் கருதக்கூடும். சம்பளம், வேலைநேரம், சேமலாப நிதி எனப் பேசவேண்டியவை மலையாகக் குவிந்திருக்கக் காற்சட்டைக்கு ஒரு கட்டுரையா என்று கேட்கும் தோழர்களும் உளர். அவர்களுக்கு நாம் கூறக்கூடியது இவ்வளவே: அதனுள் பத்து மணிநேரம் அடுப்பருகில் நின்று பாருங்கள்.

2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தபின் கற்பிட்டிக் குடாநாட்டின் கடலோரத்தில் உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகள் பெருகின. டொல்பின் பார்ப்பதற்கு ஒரு பருவம். பெரும் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீர்மேற் சறுக்கி விளையாடுவதற்குக் காற்று வீசும் இன்னொரு பருவம். இப்பருவங்களிலே எமது பாடசாலையை விட்டு விலகிய பிள்ளைகள் பலர் விடுதிக் குசினிகளில் வேலைக்கமர்கின்றனர். பயணிகளுக்கு வெளியே காற்று. இவர்களுக்கு உள்ளே அடுப்பு.

அவர்களுள் ஒருவன் உடப்பைச் சேர்ந்தவன். கரைவலை இழுக்கும் குடும்பம். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டான். நற்சான்றிதழ் ஒன்று வேண்டி எம்மிடம் வந்திருந்தவனை இருக்கச் சொன்னபோது, “நிற்கிறதுதான் சுகம், சேர்” என்றான். காரணத்தைக் கேட்டறிய நேரமெடுத்தது. தொடையிரண்டும் உரசி உரசித் தோல் கழன்றிருந்தது. கவட்டிலும் இடுப்பைச் சுற்றியும் வேர்க்குரு சிவந்து சிரங்காக மாறிக்கொண்டிருந்தது. குசினியில் வேலை செய்யும் பதினான்கு பேருள் பெரும்பாலோருக்கு இதே நிலை என்றான். வெட்கத்தினால் ஒருவரும் மருந்துக்குப் போகவில்லை.

விடுதி அவர்களுக்குக் கொடுத்தது கறுப்புக் காற்சட்டை. 65 வீதம் பொலியெஸ்டர், 35 வீதம் பருத்தி. கொழும்பில் மொத்தமாக வாங்கியவை. சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்றே அளவுகள். வலையிழுத்து வளர்ந்த உடலுக்கு இடை சிறுத்திருக்கும், தொடை திரண்டிருக்கும். இடையைக் கருதி நடுத்தரத்தை எடுத்தால் தொடை நெருக்குண்ணும். தொடையைக் கருதிப் பெரியதை எடுத்தால் இடையில் கயிறு கட்டவேண்டும். கயிறு கட்டினால் ஒழுங்கில்லை என்று முகாமையாளர் கடிந்துகொள்வார். இத்தனைக்கும் அது இனாமாகக் கிடைத்ததன்று. இரண்டு மாதச் சம்பளத்தில் அதன் விலை கழிக்கப்பட்டது.

குசினிக்காரரின் காற்சட்டை காரியாலய எழுதுவினைஞரின் காற்சட்டையன்று. எழுதுவினைஞர் இருக்கிறார், இவரோ குந்துகிறார், குனிகிறார், கீழ்த்தட்டிலிருந்து அண்டாவைத் தூக்குகிறார், அரிசி மூடையைத் தொடையில் தாங்கி நிமிர்கிறார். ஆகவே முதலிற் கவனிக்கவேண்டியது கவடு. நான்கு தையல்களும் ஒரே புள்ளியிற் சந்திக்கும் அவ்விடத்தில் இழுவை முழுவதும் விழுகின்றது. தையல் முதலில் விடுவதும் அங்கேதான். அவ்விடத்தில் நாற்கோணத் துண்டொன்றை இணைத்தால் இழுவை பகிரப்படும். காலை அகற்றினாலும் இடுப்பு கீழே இறங்காது. இடுப்பின் பின்புறத்தில் எலாஸ்டிக்கும் முன்புறத்தில் நாடாவும் இருப்பின், உண்டபின்னும் உண்ணாதபோதும் ஒரே காற்சட்டை பொருந்தும். குசினியில் வேலை செய்வோர் உண்ணும் நேரம் ஒழுங்கற்றது என்பதை அறிந்தோர்க்கு இதன் அருமை புரியும். காலின் கீழ்விளிம்பு சப்பாத்தின் மேல் விழவேண்டும். சப்பாத்தினுள் செருகினால் கொதிநீர் வழிந்து பாதத்தில் தேங்கும். விளிம்பை வெளிப்புறமாக மடித்துத் தைத்தால் அம்மடிப்பில் எண்ணெயும் மாவும் சேரும்.

இனித் துணி. பொலியெஸ்டர் ஏறத்தாழ 250 பாகை செல்சியசுக்கு மேல் உருகுவது. வாயு அடுப்பின் சுடர் அதனினும் பன்மடங்கு வெப்பமுடையது. சுடர் பட்டால் துணி உருகித் தோலில் ஒட்டும். பொரிக்கும் எண்ணெய் 180 பாகை அளவிலிருக்கும். அது துணியை உருக்காது, ஊடுருவும். பருத்தியாயினும் ஊடுருவத்தான் செய்யும். அப்போது வேண்டுவது ஒன்று: காற்சட்டையை உடனே கழற்றிவிட்டு, காயத்தின்மேல் ஓடும் குளிர்நீரை இருபது நிமிடமேனும் விடவேண்டும். தளர்ந்த காற்சட்டை நாடாவை இழுத்தால் விழும். இறுகிய காற்சட்டை வேர்வையிலும் எண்ணெயிலும் நனைந்தபின் விழாது.

கடந்த பருவத்தில் நேர்ந்தது அதுவே. மாரவிலப் பக்கத்துச் சிங்கள இளைஞர் ஒருவர் மீன் பொரித்துக்கொண்டிருக்கையில் தாச்சி சரிந்தது. இடது தொடையில் எண்ணெய் கொட்டியது. காற்சட்டையை இருவர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. மீனின் செட்டை நறுக்கும் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்தனர். அதற்குள் சென்ற நேரத்தை எவரும் அளக்கவில்லை. மூன்று வாரம் அவர் வைத்தியசாலையிற் கிடந்தார். விடுதியின் பதிவேட்டில் ‘கவனயீனம்’ என எழுதப்பட்டது.

மேலைநாட்டுக் குசினிகளிலே வெண்ணிற மேலங்கியும், கறுப்பும் வெள்ளையுமான சிறு கட்டமிட்ட காற்சட்டையும் வழக்கம். வெண்மை சுத்தத்தைக் காட்டுவதற்காம். கட்டங்கள் கறையை மறைப்பதற்காம். பார்ப்பவர் கண்ணைக் கருதியே இவ்வுடை வகுக்கப்பட்டது போலும்!

புத்தளம் நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் கொத்துரொட்டி அடிப்போர் இன்றும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டுதான் நிற்கின்றனர். சாரத்துக்கு அளவில்லை, எவ்வுடலுக்கும் பொருந்தும், காற்று நுழையும். ஆயினும் மடித்துக் கட்டினால் முழங்காலுக்குக் கீழே காப்பில்லை, இறக்கிவிட்டால் ஈரத்தரையில் தடக்கும். பண்பாட்டின் பேரால் சாரத்துக்குத் திரும்புவோம் என முழங்குவோர் சிலர் உளர். அவர்கள் கொதியெண்ணெய்க்கருகில் நின்றவரல்லர்.

உழைப்பவர் குறையைக் கேட்டுத் தைத்த காற்சட்டை உலகில் இல்லாமற் போகவில்லை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலே ரீனோ என்னும் ஊரில், ரீகா நகரிலிருந்து குடிபெயர்ந்து வந்த ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர் இருந்தார். மரம் வெட்டும் தொழிலாளி ஒருவரின் மனைவி அவரிடம் வந்து, கணவனுக்குக் கிழியாத காற்சட்டையொன்று வேண்டுமென்றாள். அவர் பைகளின் மூலையில் செப்பாணி அறைந்து கொடுத்தார். அச்செய்தி தொழிலாளரிடையே பரவியது. துணி வியாபாரி லெவி ஸ்ட்ராஸ் கூட்டுச் சேர, 1873 மே 20ஆந் திகதி காப்புரிமை பதிவாயிற்று. இன்று உலகெங்கும் நாகரிகமாக விற்கப்படும் அவ்வுடையின் மூலம் ஒரு தொழிலாளியின் மனைவி கூறிய முறைப்பாடு.

மறுபுறத்தையும் காணவேண்டும். அளவுகளை எண்களாக வகுத்தோர் யாருடைய உடலை அளந்தனர்? 1939, 1940ஆம் ஆண்டுகளில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் 15,000க்குச் சற்றுக் குறைந்த பெண்களை, ஒவ்வொருவரையும் 59 இடங்களில் அளப்பித்தது. பெரும் பணிதான். ஆனால் வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகள் கணக்கிற் சேர்க்கப்படவில்லை. அவ்வளவீட்டை அடிப்படையாகக் கொண்டு 1958இல் அங்கு பெண்களின் ஆடைகளுக்கு வணிகத் தரம் வகுத்தனர். சராசரி என்பது எவரையோ விட்டுவிட்டுத்தான் பிறக்கின்றது.

எமது நாட்டுக்குத் தைக்கத் தெரியாதா? கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியது. 1992இல் கிராமங்களிலே 200 ஆடைத் தொழிற்சாலைகளை நிறுவும் திட்டம் வந்தது. அண்மைய ஆண்டுகளில் இலங்கையின் ஆடை ஏற்றுமதி பெரும்பாலும் ஆண்டுக்கு 400 கோடி டொலரைத் தாண்டியுள்ளது. இக்கரையோரத்துப் பெண்கள் எத்தனையோ பேர் அத்தொழிற்சாலைகளில் இளமையைக் கழித்தவர்கள். நாம் குறிப்பிடும் குசினியிலே காய்கறி வெட்டும் பெண்மணி ஒருவர் ஆறாண்டுகள் ஏற்றுமதிக் காற்சட்டைகளுக்கு இடுப்புப் பட்டி மட்டும் தைத்தவர். இன்று அவரும் அணிவது ஆண்களுக்கு வெட்டிய காற்சட்டையே. விடுதியின் காற்சட்டையை உட்புறம் திருப்பிப் பார்த்த அவர், தையலுக்குள் கால் அங்குலத் துணிகூட விடப்படவில்லை என்பதைக் காட்டினார். பிரித்து விரிக்க வழியில்லை. பிறநாட்டாருக்குத் தைத்தபோது அரை அங்குலம் விட்டதாகச் சொன்னார். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவர் பிழையைச் சுட்டும் தொனியிலேயே சொன்னார்.

அவரும் எமது மாணவனுமாகப் புத்தளம் நகரிலே தையற்கார நானா ஒருவரைக் கண்டுபிடித்தனர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து வந்து சேர்ந்தவர். ஒரு மேசை, ஒரு பொறி, இவையே அவரது கடை. நாமும் உடன் சென்றிருந்தோம். அவர் அளவு நாடாவை எடுக்குமுன், “தம்பி, முதல்ல குந்துங்க” என்றார். குந்திய நிலையில் இடுப்பின் பின்புறத்திலிருந்து கவடு வழியாக முன்புறம் வரை அளந்தார். பின்னர் நிற்கவைத்து அதே இடத்தை அளந்தார். இரண்டுக்குமிடையே மூன்று விரற்கடை வித்தியாசம். கடையில் வாங்குவதெல்லாம் நிற்பவனுக்கு வெட்டியது என்றார். பருத்தித் துணியை ஓரிரவு நீரில் ஊறப்போட்டு உலர்த்திய பின்னரே வெட்டுவாராம். இல்லையேல் முதற் சலவையிற் சுருங்கி மீண்டும் தொடையைப் பிடிக்கும். ஆளுக்கு ஒன்றேகால் மீற்றர் துணி. கவட்டிலே இரட்டைத் தையல். கூலியும் துணியும் சேர்ந்து, விடுதி சம்பளத்திற் கழித்த தொகையினும் சற்றுக் குறைவாகவே வந்தது. இக்கணக்கை நாம் இரண்டு முறை கூட்டிப் பார்த்தோம்.

மனுவை நாம் தமிழில் எழுதினோம். சிங்களத்தில் எழுதியவர் காயமுற்ற இளைஞரின் தமக்கை. பதினான்கு பேரும் ஒப்பமிட்டனர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற வேறுபாடு வேர்க்குருவுக்கு இருக்கவில்லை. கோரியவை சில: ஒவ்வொருவரையும் அளந்து தைக்கவேண்டும், பருத்தித் துணியாக இருக்கவேண்டும், ஆளுக்கு மூன்று வேண்டும், சம்பளத்திற் கழிக்கக்கூடாது, பதிவேட்டிலுள்ள ‘கவனயீனம்’ என்ற சொல் நீக்கப்படவேண்டும்.

பதில் ஐந்து வாரங்களின் பின் வந்தது. துணி வாங்கித் தருவார்களாம், ஆளுக்கு இரண்டு. நிறம் கறுப்பாகவே இருக்கவேண்டும். தையற்கூலி ஊழியரின் பொறுப்பு. தையற்காரர் விடுதி வளவுக்குள் வரலாகாது. கடைசிக் கோரிக்கை பற்றி ஒரு சொல்லும் இல்லை. சிலர் இதையே வெற்றியென்றனர்; முழுவதையும் பெறாமல் துணியைத் தொடக்கூடாது என்றனர் வேறு சிலர். அன்றிரவு எமது வீட்டு முற்றத்தில் நெடுநேரம் வாதம் நடந்தது. தொடையில் புண்ணுள்ளவர்கள் துணியை எடுப்போம் என்றனர். அவர்கள் பக்கமே நாமும் நின்றோம். கூலிக்கும் பதிவேட்டுக்குமாக இரண்டாம் மனுவொன்று எழுதப்பட்டிருக்கின்றது.

முறை வைத்து மூவர் நால்வராக அவர்கள் புத்தளத்துக்குப் போய் அளவு கொடுத்து வருகின்றனர். பெண்மணி ஆழமான பையொன்று கேட்டார். வேர்வை துடைக்கும் லேஞ்சியை வைப்பதற்கு இதுவரை இடமிருக்கவில்லை. மாரவில இளைஞரின் முறை சென்ற வாரம் வந்தது. அவருக்குத் தமிழ் சிறிதே தெரியும். நானாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். இடது தொடைக்கு மட்டும் ஒன்றரை அங்குலம் கூட்டி எழுதிக்கொண்ட நானா, அப்பக்கத்துத் தையலை வெளிப்புறமாகத் திருப்பித் தைக்கப்போவதாகவும், தழும்பில் நூல் உரசாது என்றும் அவருக்குச் சிங்களத்திலே சொன்னார்.